பேசாத டெர்மினல்

எனக்கு ஒரு ஆள் மேல் பல வருசமாகக் கோபம். அந்த ஆளை நான் பார்த்ததில்லை. எந்த நாடு, என்ன பாஷை, ஆணா பெண்ணா, ஒருத்தரா ஒரு கூட்டமா, ஒன்றும் தெரியாது. கோபம் மட்டும் குறையவில்லை. ஓட்டோவில் ஆள் இல்லாமல் தனியாக வரும்போது சில நாள் வாய்விட்டே ஏசுவேன். இவ்வளவு அழகாக ஒரு சாமானைச் செய்தாயே, இவ்வளவு வேகமாக ஓட வைத்தாயே, அதற்கு ஒரு வாயை வைக்க உனக்குத் தோன்றவில்லையா? கண் இல்லாதவன் ஒருத்தன் இதற்கு முன்னால் வந்து உட்காருவான் என்று ஒரு தடவையாவது நினைத்தாயா?

அந்தச் சாமான் ஒரு டெர்மினல். கம்பியூட்டரில் படத்தைத் தட்டி வேலை வாங்காமல், எழுத்தாக அடித்து வேலை வாங்குகிற கறுப்புப் பெட்டி. நான் ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கந்தப்பளை டவுனில் ஓட்டோ ஓட்டுகிறேன். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது என் மாப்பிள்ளை கோகுலராஜால். என் தங்கை வினோதாவின் புருசன். மாப்பிள்ளையை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மூக்கு ஒழுகிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் ஓடித் திரிந்த காலத்திலிருந்து அவனை எனக்குத் தெரியும். அவன் என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டான்.

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அதில் மேல்கணக்கு என்கிற பிரிவில் பிறந்தான். தகப்பன் முத்துலிங்கம் தேயிலை ஃபெக்டரியில் வாச்சராக இருந்தார். பொழுது சாய்ந்தால் போதும், பையன் சுவரைத் தடவ ஆரம்பித்துவிடுவான். தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து முழங்கால் கிழியாத வாரம் கிடையாது. கோழி அடைகிற நேரத்தோடு இவனுக்கும் கண் அடைந்துவிடும் என்பதால் லயத்துப் பிள்ளைகள் 'கோழிக்கண்ணா' என்று கூப்பிட்டார்கள். ஈரல் கொடு, பொன்னாங்கண்ணி கொடு, கரட் கொடு என்று ஆளுக்கொரு வைத்தியம். எங்கள் பக்கத்தில் கரட்டுக்கா பஞ்சம்? தின்று தின்று பையனின் உள்ளங்கை மஞ்சளானதுதான் மிச்சம். மாலைக்கண் போகவில்லை.

பகலில் நன்றாகப் பார்த்தான், நன்றாகப் படித்தான். உயர்தரப் பரீட்சை முடித்து நுவரெலியாவில் போன், போட்டோகொப்பி எடுக்கிற ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்கு நின்றான். கடைக்காரர் தூக்கிப் போட வைத்திருந்த பழைய கம்பியூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். எல்லாரும் போடுகிற விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியது. லினக்ஸ் போட்டான், ஓடியது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அந்தக் கறுப்புப் பெட்டியோடுதான் இருப்பான். வெளியே இறங்க முடியாதவனுக்கு வேறு எங்கே போக்கிடம்?

பிறகு கொழும்புக் கம்பனி ஒன்றில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் சுதாகரன். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராசம்மா அக்காவின் மகன். அந்தக் கம்பனியில் பெரிய இடத்தில் இருக்கிறார். ஹோட்டல்களின் புக்கிங் கம்பியூட்டர்கள் எங்கேயோ தூரத்தில் ஓடும். அவற்றை வீட்டிலிருந்தே கவனித்து, கோளாறு வந்தால் டெர்மினலில் அடித்துச் சரிசெய்ய வேண்டும். கம்பனியே ஒரு லெப்டொப்பும் கொடுத்தது. மாலைக்கண்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. வீட்டுக்குள் வேலை என்றாலும் குளித்து, அயன் பண்ணிய சட்டை போட்டு, தலை சீவித்தான் உட்காருவான். யாருக்காக இந்தச் சோடனை என்று கேட்டால், "வேலைக்காக" என்பான். அந்த வேலையை நம்பித்தான் வினோதாவைக் கொடுத்தோம்.

கல்யாணத்துக்குப் பிறகு பகலிலும் இடறத் தொடங்கினான். வாசற்படியில் வைத்த வாளி தெரியாது. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. நேரே பார்த்தால் மட்டும் தெரியும். கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி உள்ளே வரும், கடைசியில் நடுவும் மூடிவிடும், இதற்கு மருந்து இல்லை என்று டொக்டர் சொன்னார். திரும்பும்போது றம்பொடை ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறியது. அங்கேதான் அவன் என் பக்கம் குனிந்து பேசினான்.

"மச்சான், இது சுதா அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"தெரிஞ்சா என்ன? அவரும் மனுசன்தானே."

"அவரு மனுசன். கம்பனி மனுசன் இல்லையே. கண்ணு தெரியாதவன நம்பி எவன் ஹோட்டல் மெஷினக் குடுப்பான்? இது போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு? தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டவா போக முடியும்?"

வினோதாவுக்கு மட்டும் சொன்னோம். ஆனால் லயத்தில் ஒன்றை மறைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே திறந்தே கிடக்கும். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ராசம்மா அக்காவின் காதில் விழுந்தால் அன்றைக்கே கொழும்புக்குப் போன் போய்விடும்.

அப்போதுதான் டெர்மினல் தேடும் படலம் தொடங்கியது. லினக்ஸில் அது ஒன்று இல்லை, சந்தையில் மரக்கறி குவிந்த மாதிரிக் கிடக்கிறது. எல்லாம் இனாம். உள்ளே நடக்கிற வேலை ஒன்றேதான், எழுத்தைக் காட்டுகிற பெட்டிதான் வேறு வேறு. ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தான். நான் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். எக்ஸ்டெர்ம் என்று ஒரு பழசு, மெலிந்த கிழவனைப் போல. எழுத்து முனை முனையாக உடைந்து தெரிந்தது. இன்னொன்றில், எழுதும் இடத்தைக் காட்டுகிற கட்டி விட்டு விட்டு மின்னியது. இவன் கண் அதைத் தேடிப் போய்ச் சேரும்போது அணைந்திருக்கும். வேறொன்றில் எழுத்துக்குப் பின்னால் படம் தெரிந்தது.

"இது நல்லாருக்கே மாப்புள. பின்னுக்கு அருவி ஓடுது."

"அருவிய நீங்க பாருங்க மச்சான். நான் எழுத்தத் தேடுறேன்."

"எழுத்தப் பெருசாக்கேன். அதுக்குத்தானே கம்பியூட்டரு."

வினோதாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் ஒரு பேப்பரை எடுத்து இறுக்கிச் சுருட்டி என் கண்ணில் வைத்தான். மற்றக் கண்ணைக் கையால் பொத்தினான்.

"சுவத்துக் கலண்டரப் பாருங்க. பெரிய எழுத்துல தேதி இருக்கா?"

"இருக்கு."

"முழுசாத் தெரியுதா?"

"இல்ல. பாதிதான் தெரியுது."

"அதுக்குக் கீழ பொடி எழுத்துல நல்ல நேரம் போட்டிருப்பான். அதப் பாருங்க."

ஒரு வரி முழுக்க அந்தச் சுருளுக்குள் அடங்கியது. பேப்பரைக் கண்ணிலிருந்து இறக்கினேன்.

"எனக்குப் பொடியாத்தான் வேணும் மச்சான். பொடியா, தெளிவா."

அப்படித்தான் அந்த வேகமான டெர்மினல் அவன் கைக்கு வந்தது. அதன் பெயரை எழுத மாட்டேன். விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். பொடி எழுத்திலும் ஊசி முனை மாதிரித் தெளிவு. திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அதை வைத்தான், மற்ற இடமெல்லாம் கறுப்பு. வைக்கோல் நிறத்தில் எழுத்து, கோளாறு என்றால் சிவப்பு. எழுதும் இடத்துக் கட்டி மின்னாமல் அசையாமல் நின்றது. வரிகள் மழை மாதிரிக் கொட்டினாலும் திணறாது. அதன் பட்டன்களையெல்லாம் தனக்கு வசதியாக மாற்றி விரலுக்குப் பழக்கினான். வருசக்கணக்காக அது அவன் சோற்றைக் காப்பாற்றியது. அதை நான் மறுக்கவில்லை.

கண்ணில் மிச்சமிருந்த துளை ஊசித் துளையாகியபோது நான் வாசிக்க ஆரம்பித்தேன். வினோதா நுவரெலியாவில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள், முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வந்து வாங்கில் உட்காருவேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசு வாகனங்களின் நம்பர் பிளேட்டில் படித்தது. பெரிய எழுத்தெல்லாம் தெரியும். கம்பியூட்டரில் ஓடுவதோ சின்ன எழுத்து.

"எல்லாத்தையும் வாசிக்க வேணாம் மச்சான். செவப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா அத மட்டும் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க."

"ஒரு குச்சி. வயிறு தள்ளிக்கிட்டு."

"வயிறு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"சரி. அடுத்தது?"

"அடுத்தது ஒரு கொடக்கம்பு, தலகீழா."

இதையெல்லாம் குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். ஒருநாள் சுவருக்கு மேலாக ராசம்மா அக்காவின் குரல் வந்தது.

"என்னா, மச்சானும் மாப்புளையும் தெனமும் குசுகுசுங்கிறீங்க? சீட்டாட்டமா?"

"ஆமாக்கா. ஒரு கை கொறையுது, வாறீங்களா?"

"வந்தா ரெண்டு பேரையும் தோக்கடிச்சிட்டுத்தான் போவேன், ஞாபகம் வச்சுக்க."

கோகுல் சிரிக்கவில்லை. விரலை எழுத்துகளின் மேல் வைத்தபடி அடுத்த எழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

எந்த நேரமும் நான் பக்கத்தில் இருக்க முடியுமா? எனக்கும் ஓட்டோ ஹயர் இருக்கிறதே. அதனால் ஓர்க்கா என்று ஒன்றைப் போட்டான். திரையில் இருப்பதை வாயால் வாசிக்கிற சாமான், அதுவும் இனாம். தமிழும் வாசித்தது, இரும்புத் தொண்டையில். இலக்கங்கள் சட்டென்று பிடிபடும் என்று தமிழ்க் குரலையே வைத்துக்கொண்டான். வந்த கடிதங்களை வாசித்தது. கம்பியூட்டரில் வந்த போனவாரத்துப் பேப்பரை வாசித்தது. அவனுடைய டெர்மினலுக்குப் போனதும் வாயை மூடிக்கொண்டது.

தான் எங்கேயோ தவறாகப் போட்டுவிட்டதாக நினைத்து நாள்கணக்காக மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகுதான் விசயம் விளங்கியது. அந்த வேகமான சாமான் எழுத்தைப் படமாகத் திரையில் தீட்டிவிட்டுப் போய்விடுகிறது. இங்கே இன்ன எழுத்து இருக்கிறது என்று ஓர்க்காவுக்குச் சொல்லுவதே இல்லை. பார்க்கிறவனுக்கு மட்டும் உண்டு, மற்றவனுக்கு இல்லை. லினக்ஸோடு சேர்ந்தே வந்த சாதாரண டெர்மினல் ஒன்று கிடந்தது, முதல் நாளே இவன் ஒதுக்கித் தள்ளியது. அதைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் பேசியது. என் கோபம் அன்றைக்குப் பிறந்தது.

"அப்ப அதுக்கு மாறிடு."

"மாறலாம்."

"மாறலாம்னா? மாறு."

"அது பேசினா லயம் பூரா கேக்கும் மச்சான்."

"காதுல மாட்டிக்க."

"ரெண்டு காதையும் அடைச்சிட்டா வாசல்ல யாரு வந்து நிக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ணும் இல்ல, காதும் இல்லன்னா நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாமப் போயிரும்."

கடைசியில் ஒரு காதில் மட்டும் மாட்டிப் பழகினான். ஆனால் பழக்கத்தோடு சரி. கம்பனி வேலைக்கு உட்கார்ந்தால் ஊமை டெர்மினலும் நானும்தான். லயத்துக்குக் கேட்கும் என்றது பாதி உண்மை. அந்த ஊசித் துளைக்குள் வைக்கோல் நிறத்தில் ஏதோ இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அதை விட்டு எழும்ப அவனுக்கு மனமில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அந்த விடியக்காலை நான் உடப்புசல்லாவைக்குச் சாவு வீட்டுக்குப் போகிற ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடைமழை. போன் அடித்தது.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"பாதையில. மழையில ஒன்னும் தெரியல."

"ஒரு ஹோட்டல் மெஷின் விழுந்துட்டுது. சுதா அண்ணன் மேல மேல மெசேஜ் போடுறாரு."

"வினோதா?"

"பஸ்ஸுக்குப் போயிட்டா. காதுல மாட்டுறதும் வயரு அறுந்து கெடக்கு." தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் அவன் குரலை மூடியது. "சரி, நீங்க பாத்து வாங்க."

நான் லயத்து வாசலில் ஓட்டோவை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மழையும் அப்போதுதான் பைப்பை மூடியது போல நின்றது. அந்த மழையில் கேட்க வேண்டும் என்று அவன் ஓர்க்காவின் சத்தத்தை முழுக்கத் திருகி வைத்திருந்திருக்கிறான். இப்போது மழை இல்லை, குரல் மட்டும் கேட்டது. இரும்புத் தொண்டை, ஏற்ற இறக்கம் இல்லாமல், இருட்டில், லயம் முழுக்க:

"ஏழு. பதினொன்று. முப்பத்திரண்டு. ஏழு. பன்னிரண்டு."

ராசம்மா அக்காவின் கதவு படாரென்று திறந்தது. பென்சன் எடுத்து எத்தனையோ வருசமான மனுசி. இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கைக் கட்டி, முதுகில் கொழுந்துக்கூடையை மாட்டி, தலையில் கயிறு சரியாக விழாமல் இழுத்துக்கொண்டே வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றார்.

"பேரு கூப்புட்டாச்சா தம்பி? எத்தனாம் நம்பர் மலை இன்னைக்கு?"

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கு அப்படித்தான் வாசிப்பார். யாருக்கு எந்த மலை என்று, அதே குரலில், யார் முகத்தையும் பார்க்காமல். பிந்திப் போனால் அன்றைய வேலை இல்லை. ஆயுசு முழுக்க அந்தக் குரலுக்கு எழும்பிய உடம்பு, யோசிக்காமல் எழும்பி வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அக்காவுக்கு மெல்லத் தெளிந்தது. தன் இடுப்பைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கோபம் வந்தது.

"எவன்டா அது, எங்க வீட்டுக்குள்ள பெரட்டுப் போடுறவன்?"

நான் தடுப்பதற்குள் கோகுலின் காம்பராவுக்குள் போய்விட்டார். விளக்குப் போடவில்லை. திரை வெளிச்சத்தில் அவன் அயன் பண்ணிய சட்டையோடு உட்கார்ந்திருந்தான். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, காது மட்டும் மெஷின் பக்கம். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அவன் முன்னாலேயே போய் நின்றார். அவன் நிமிரவில்லை.

"மச்சானா?"

"நான்டா. ராசம்மா."

விரல்கள் நின்றன. குரல் மட்டும் தன்பாட்டில் இன்னும் ரெண்டு இலக்கத்தைச் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

"எத்தன நாளாடா?"

"நாளாச்சு பெரியம்மா."

"முழுசாவா?"

"முழுசா மாதிரித்தான்."

அக்கா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"சுதா அண்ணன்கிட்டச் சொல்லிறாதீங்க பெரியம்மா."

"நான் பெத்த புள்ளகிட்ட நான் எதையும் மறச்சதில்ல. அவங்கப்பா செத்தன்னைக்கு அவனுக்குப் பரீட்ச. முடியட்டும், பொறகு சொல்லலாம்னாங்க. நானே போய்ச் சொன்னேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீயே சொல்லு. நான் இங்கயே இருக்கேன். நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"மெஷின எழுப்பிட்டுச் சொல்றேன்."

"எழுப்பு."

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குரல் சொன்னது, அவன் அடித்தான். குரல் திரும்பச் சொன்னது, அவன் தலையாட்டிக்கொண்டு அடித்தான். கண்டாக்குக்கு இப்படி யாரும் பதில் சொன்னதில்லை. வெளியே வெளுக்கத் தொடங்கும்போது "சரி" என்றான். பிறகு போனை எடுத்து, சத்தமாகப் பேசும்படி வைத்து, கொழும்புக்கு அடித்தான்.

"அண்ணே, மெஷின் எழும்பிட்டுது."

"பாத்தேன். நல்லாச் செஞ்சிருக்க. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அண்ணே, எனக்குக் கண்ணு தெரியாது."

 சுதாகரன் மெதுவாகக் கேட்டார். "அப்ப இவ்வளவு நாளும் வேல எப்படி நடந்துச்சு?"

"மச்சான் வாசிப்பாரு."

"ஓட்டோ ஓட்டுற அண்ணனா? கோகுல், அதுக்குள்ள என்னென்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியும்தானே? வந்து தங்குறவங்க பேரு, பாஸ்போட் நம்பர், மெஷின் பாஸ்வேர்ட் எல்லாம் ஓடுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்? எனக்கு அது எல்லாமே குச்சியும் வயிறும்தான்."

"அண்ணே, உங்களச் சந்தேகப்படல. நாளைக்கு ஒன்னு நடந்தா உங்களையும்தான் கேப்பாங்க." திரும்பவும் கோகுலிடம், "இன்னைக்கு யாரு வாசிச்சா?"

"யாரும் இல்லண்ணே. வேற டெர்மினலத் தொறந்தேன். அதுவே வாசிச்சுது."

"அப்ப அதுவே வாசிக்கட்டும். காதுல மாட்டிக்க, லயத்துக்கே கேக்காம. உனக்குக் கண்ணு இல்லன்னு மேல நான் சொல்றேன், அது என் பொறுப்பு. ஆனா இன்னொருத்தர் கண்ணு அதுக்குள்ள இருந்தா உன்ன நான் வச்சிருக்க முடியாது. அது ஒன்னுதான்."

"சரிண்ணே."

"டேய் சுதா, புள்ளய வெரட்டாதடா," என்றார் ராசம்மா அக்கா.

"அம்மா? நீங்க அங்க என்ன செய்றீங்க இந்நேரத்துல?"

"பெரட்டுக்கு வந்தேன்."

அன்றைக்கே டவுனில் அவனுக்குக் காதில் மாட்டுகிற ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வழக்கம்போல வந்து வாங்கில் உட்கார்ந்தேன். வராமல் இருந்திருக்கலாம். கால் தன்பாட்டில் வந்துவிட்டது. திரையின் நடுவிலிருந்த உள்ளங்கை அகலப் பெட்டி இல்லை. வந்த மேனிக்கே விட்டிருந்த சாதாரண டெர்மினல் திரை முழுக்க விரிந்து கிடந்தது. அவன் ஒரு காதால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் சும்மாதான் பார்த்தேன். கீழே ஒரு வரி சிவந்தது.

"மாப்புள..."

"சொல்லாதீங்க மச்சான்."

வாயை மூடிக்கொண்டேன். அவன் மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டு வந்தான். இதோ இந்த வரிதான், இன்னும் கொஞ்சம் கீழே என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு அவனாகவே வந்து சேர்ந்தான். "ம்," என்றான். அடித்தான். சிவப்பு போய்விட்டது.

இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறான். அதே சட்டை, அதே தலை சீவல். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் செய்யச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தச் சிவப்பு போன அன்றைக்குக் கேட்டதுதான் கடைசி.

"மச்சான், ஒரு வேல செய்ங்க."

"சொல்லு."

"இந்த வெளிச்சத்தக் கொறச்சிருங்க. எனக்குத் தேவயில்ல. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க."

"ஏன், உனக்குப் பட்டன் தெரியாதா?"

"பட்டன் தெரியும். இருட்டாச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதே."

என் கையைத் தேடிப் பிடித்து, மேல் வரிசையில் ஒரு பட்டனின் மேல் விரலை வைத்தான்.

"இதுதான். முழுசா இருட்டாகுற வரைக்கும் அமுக்குங்க."